சூடேறும் சுழல் தண்டு



சிறு முதலீட்டில் சொந்தத் தொழில் தொடங்க எண்ணும் நம் இளைஞர்களுக்குப் பயன்படக்கூடிய ஒரு செய்தியை இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

கணினியின் கட்டளைப்படி உலோகத்தைச் செதுக்கித் தரும் சீ.என்.சி. மில்லிங் இயந்திரத்தை உங்களில் பலர் அறிந்திருப்பீர்கள். எண் கட்டளையால் இயங்கும் மில்லிங் இயந்திரத்தை 1952ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தார் செய்து காட்டினர். அன்று பெரிய ஆலைகளுக்கே உரியதாக இருந்த அந்த வசதி, இன்று ஒரு மேசையின் மேல் வைக்கும் அளவுக்குச் சுருங்கி, வீட்டுப் பின்புறத்துப் பட்டறை வரைக்கும் வந்துவிட்டது.

இந்த இயந்திரத்தின் இதயம் ஸ்பிண்டல் எனப்படும் சுழல் தண்டு. வெட்டுளியைக் கவ்விக்கொண்டு நிமிடத்திற்கு 24,000 சுற்று வரை சுழல்வது இதுவே. இது அளவுக்கு மீறிச் சூடேறினால் என்ன நேரும், அதை எப்படித் தடுப்பது என்பதே இன்றைய உரை.

கிள்ளானில் என் பழைய மாணவர் ஒருவர் இருக்கிறார். கடன் வாங்கி இப்படி ஓர் இயந்திரத்தை வாங்கினார். 2.2 கிலோவாட் ஆற்றல் கொண்ட, நீரால் குளிர்விக்கப்படும் ஸ்பிண்டல். 20 லிட்டர் வாளி ஒன்றில் தண்ணீர் நிரப்பி, சிறு பம்பு ஒன்றை அதில் போட்டு வேலையைத் தொடங்கினார். அலுமினியத் தகடுகளில் பள்ளம் வெட்டித் தரும் வேலை கிடைத்தது. காலையில் வெட்டிய தகடுகள் அளவு சரியாக இருந்தன. மாலையில் வெட்டியவற்றிலோ பள்ளம் சற்று ஆழமாகிப் போயிற்று. வாங்கியவர் பாதிச் சரக்கைத் திருப்பி அனுப்பிவிட்டார்.

காரணம் என்ன? எஃகு, ஒரு மீட்டர் நீளத்திற்கு ஒவ்வொரு பாகை வெப்பத்திற்கும் ஏறக்குறைய 0.012 மில்லிமீட்டர் நீளும். 200 மில்லிமீட்டர் நீளமுள்ள தண்டு 20 பாகை சூடேறினால் ஏறக்குறைய 0.05 மில்லிமீட்டர் நீண்டுவிடும். கண்ணுக்குத் தெரியாத அளவுதான். ஆனால் தண்டு கீழ்நோக்கி நீளும்போது வெட்டுளியும் அவ்வளவு கீழே இறங்கிவிடுகிறது. கணினிக்கு இது தெரியாது. அது பழைய கணக்கிலேயே வேலை செய்துகொண்டிருக்கும்.

வாளித் தண்ணீர் ஏன் போதவில்லை என்பதையும் ஒரு கணக்கால் பார்ப்போம். ஸ்பிண்டலில் 300 வாட் அளவுக்கு வெப்பம் வெளிப்படுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த வெப்பம் முழுவதும் 20 லிட்டர் தண்ணீரில் சேர்ந்தால், ஒரு மணி நேரத்தில் தண்ணீர் ஏறக்குறைய 13 பாகை சூடேறும். வாளியின் பக்கங்கள் வழியே கொஞ்சம் வெப்பம் வெளியேறும் என்பது உண்மை. ஆயினும் நாள் முழுதும் ஓடும் வேலைக்கு அது போதாது. பிற்பகலில் குளிர்விக்க வேண்டிய தண்ணீரே வெந்நீராகிவிடுகிறது.

நம் நண்பர் இதற்கு ஒரு வழி கண்டார். வாளியில் ஐஸ் கட்டிகளைப் போட்டார். "தண்ணி ஜில்லுனு இருந்தா நல்லதுதானே சார்?" என்று என்னிடம் பெருமையோடு சொன்னார். சில வாரங்களில் ஸ்பிண்டலிலிருந்து உறுமல் போன்ற ஓசை எழுந்தது. பழுது பார்க்கும் இடத்தில் கழற்றிப் பார்த்தபோது, பேரிங்குகளில் துரு ஏறியிருந்தது.

சூட்டைத் தணிக்கப் போய்த் துரு வந்தது எப்படி? கடையில் 'தே ஓ ஐஸ்' வாங்கி மேசைமேல் வைத்தால், சற்று நேரத்தில் கிளாஸின் வெளிப்புறம் வியர்த்துவிடுவதைப் பார்த்திருப்பீர்கள். காற்றிலுள்ள ஈரமே குளிர்ந்த கண்ணாடியில் நீராகப் படிகிறது. வெப்பம் 31 பாகை செல்சியஸ், ஈரப்பதம் 80 விழுக்காடு என்று இருந்தால், 27 பாகைக்குக் கீழே குளிர்ந்த எந்தப் பொருளின் மேலும் நீர் படியும். நம் நாட்டில் இத்தகைய நாள்கள் அரியவை அல்ல. நண்பர் சாப்பிடப் போகும்போது தண்டை நிறுத்திவிட்டு, பம்பை மட்டும் ஓடவிட்டுப் போவது வழக்கம். தண்டில் சூடு இல்லாத அந்த நேரத்தில் ஐஸ் தண்ணீர் உள்ளே ஓடி, பேரிங் இருக்கும் பகுதியையும் வியர்க்க வைத்துவிட்டது. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பது குளிர்ச்சிக்கும் பொருந்தும்.

ஆகவே, நேயர்களே, நமக்கு வேண்டியது மிகுந்த குளிர்ச்சி அன்று; நிலையான வெப்பம். இதை மனத்தில் இருத்திக்கொண்டால் மற்றவை எளிதாக விளங்கும்.

முதலாவது, தண்ணீர். வாளிக்குப் பதிலாக மின்விசிறி பொருத்திய ரேடியேட்டர் ஒன்றை இணைக்கலாம். அது தண்ணீரை அறையின் வெப்பத்திற்குக் கீழே கொண்டுபோகாது. குளிர் நாட்டவருக்கு இது ஒரு குறையாகத் தோன்றலாம். நமக்கோ இதுவே பாதுகாப்பு. குளிர்பதனச் சில்லர் வைத்திருப்பவர்கள் அறையின் வெப்பத்திற்குக் குறையாமல் அதை அமைத்துக்கொள்ள வேண்டும். தண்டை நிறுத்தியபின் சில நிமிடங்கள் பம்பு ஓடட்டும். பிறகு அதையும் நிறுத்திவிடுங்கள்.

குழாய்த் தண்ணீரைவிடக் காய்ச்சி வடித்த நீர் நல்லது. அதில் துருவையும் பாசியையும் தடுக்கும் கலவையைச் சேர்க்க வேண்டும். பாசி படிந்தால் நீரோட்டம் குறையும். இதை அறிய ஒரு வழி உண்டு. உள்ளே போகும் நீரையும் வெளியே வரும் நீரையும் வெப்பமானியால் அளந்து பாருங்கள். 300 வாட் வெப்பத்திற்கு, நிமிடத்திற்கு ஒரு லிட்டர் ஓடினால், இரண்டுக்கும் வேறுபாடு ஏறக்குறைய 4 பாகைதான் இருக்கும். அதே வேலையில் வேறுபாடு 8, 10 என்று ஏறினால், நீரோட்டம் பாதியாகக் குறைந்துவிட்டது என்று பொருள்.

காற்றால் குளிர்விக்கப்படும் ஸ்பிண்டல்களில் விசிறி பெரும்பாலும் தண்டோடு சேர்ந்தே சுழலும். எனவே குறைந்த வேகத்தில் நெடுநேரம் கடுமையாக வெட்டினால் விசிறியின் பலமும் குறைந்து சூடேறும். காற்று வரும் துளைகளில் தூசி அடையாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, மின்சாரம். 24,000 சுற்றுக்குரிய இத்தகைய மோட்டார்கள் 400 ஹெர்ட்ஸ் மின்னோட்டத்தில் முழு வேகம் அடைபவை. வேகத்தை ஆளும் இன்வெர்ட்டரில் இந்த அளவைக் குறிக்காமல், சாதாரண மோட்டாருக்குரிய 50 ஹெர்ட்ஸிலேயே விட்டுவிட்டால், மின்னோட்டம் பன்மடங்கு பாய்ந்து கம்பிச் சுருள் கருகிவிடும். இயந்திரம் புதிதாக வந்ததும் முதலில் இதைச் சரிபாருங்கள். நீரும் மின்சாரமும் அருகருகே இருப்பதால், ஸ்பிண்டலின் உடலுக்கு எர்த் இணைப்பு உள்ளதா என்பதையும் உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கொண்டு உறுதி செய்துகொள்ள வேண்டும்.

மூன்றாவது, பேரிங். சூடேறுகிறது என்றவுடன் கிரீஸை அள்ளித் திணிப்பவர்கள் உண்டு. இது தவறு. மிகுதியான கிரீஸை உருளைகள் இடைவிடாது கடைந்துகொண்டிருக்கும். அந்தக் கடைதலே சூட்டை உண்டாக்கும். மழுங்கிய வெட்டுளியும் நடுநிலை தவறிய வெட்டுளியும்கூடப் பேரிங்கின் சுமையைக் கூட்டும்.

நான்காவது, காலைப் பழக்கம். இயந்திரத்தை முடுக்கியவுடன் முழு வேகத்தில் ஓட்டாதீர்கள். தயாரிப்பாளரின் குறிப்பு இருந்தால் அதைப் பின்பற்றுங்கள். இல்லையேல் 6,000, 12,000, 18,000 சுற்று என ஒவ்வொன்றிலும் ஐந்து நிமிடம் வெறுமனே ஓடவிடுங்கள். கிரீஸ் சீராகப் பரவும். தண்டும் வேலை வெப்பத்தை நெருங்கிவிடும். அதன் பிறகு அளவு வைத்து வெட்டினால், காலைத் தகடும் மாலைத் தகடும் ஒத்திருக்கும்.

கடைசியாக ஒன்று. ஒரு சிறு குறிப்புப் புத்தகம் வைத்துக்கொள்ளுங்கள். அரை மணிக்கு ஒருமுறை ஸ்பிண்டலின் வெப்பத்தைக் குறித்து வாருங்கள். அகச்சிவப்பு வெப்பமானி பளபளக்கும் உலோகத்தில் தவறாகக் காட்டும். ஆகையால் ஒரு துண்டு கறுப்பு டேப்பை ஒட்டி, அதன் மேல் அளக்க வேண்டும். கையால் தொட்டுப் பார்ப்பதானால், தண்டு முற்றும் நின்ற பிறகே தொட வேண்டும். முதல் ஒரு மணி நேரம் வெப்பம் ஏறுவது இயல்பு. பின்னர் ஓரிடத்தில் நிலைத்து நிற்க வேண்டும். நிற்காமல் ஏறிக்கொண்டே போனால், எடுத்த வேலை எவ்வளவு அவசரமானாலும் இயந்திரத்தை நிறுத்திக் காரணத்தைத் தேடுங்கள்.

கிள்ளான் நண்பர் புதிய பேரிங்குகளைப் போட்டு, ரேடியேட்டர் ஒன்றையும் பொருத்தினார். இழந்த பணத்தை மீட்கச் சில மாதங்கள் ஆயின. இப்போது அவர் பட்டறைச் சுவரில் ஆணியில் ஒரு புத்தகம் தொங்குகிறது. அதில் நாள்தோறும் வெப்பக் கணக்கு எழுதப்படுகிறது. அந்த எழுத்து அவருடையது அன்று. அவரிடம் வேலை பழகும் பையனுடையது. தாம் பணம் கொடுத்துக் கற்ற பாடத்தை அவர் அந்தப் பையனுக்குப் பணமில்லாமலே கற்பித்துவிட்டார்.