வழியில் என்ன பேசிக்கொண்டு போகிறார்கள்?

பாஸ்கா காலம் – மூன்றாம் ஞாயிறு
நற்செய்தி: லூக்கா 24:13-35

 

சென்ற ஆண்டு சித்திரை வெயிலில், கும்மிடிப்பூண்டிப் பக்கம் உள்ள தேர்வாய் கண்டிகைக்கு அன்பியக் குடும்பங்களைச் சந்திக்கச் சென்றிருந்தோம். சிப்காட் தொழிற்பேட்டை அமைந்திருக்கும் ஊர். பேருந்தை விட்டு இறங்கியதும் வழிகாட்ட ஒரு பையன் வந்து நின்றான். பிளஸ் டூ தேர்வு எழுதி முடித்தவன். வீடு வரை இரண்டு கிலோமீட்டர் நடை. வழிநெடுகப் பேசிக்கொண்டே வந்தான். இன்று அவனைப் பற்றிச் சொல்ல அவனிடமே அனுமதி வாங்கியிருக்கிறோம்.

அவன் பேச்சுக்குத் தலையும் இல்லை, வாலும் இல்லை. அப்பாவுக்கு நைட் ஷிஃப்ட், பகலில் அவர் தூங்கும்போது வீட்டில் பாத்திரம்கூட உருளக் கூடாது என்றான். பாட்டி முன்பு மாடு ஓட்டிக்கொண்டு போன மேய்க்கால் நிலம் இப்போது கம்பெனி மதிலுக்குள் இருக்கிறது, மிச்சம் இருக்கும் ஒரு பசுவைப் பாட்டி கயிற்றில் பிடித்துக்கொண்டே மேய்க்கிறாள் என்றான். பிறகு ஏரிக்குத் தாவினான். கண்ணன்கோட்டை ஏரியையும் தேர்வாய் ஏரியையும் இணைத்து, 50 கோடி கன அடி தண்ணீர் பிடிக்கும் நீர்த்தேக்கம் கட்டி, 2020 நவம்பரில் திறந்தார்கள் அல்லவா? “நம்ம ஊர்த் தண்ணிய மெட்ராஸே குடிக்குது ஃபாதர்” என்று பெருமையாகச் சொன்னான். அதில் இறங்கி நீந்துவதில்லை என்று அம்மா சத்தியம் வாங்கியிருப்பதை அடுத்த மூச்சில் சொன்னான்.

கோடை விடுமுறைத் திட்டங்களும் வந்தன. நாற்பது நாள் காண்ட்ராக்ட் வேலைக்குப் போக வேண்டும். அந்தக் காசில் ஒரு போன் வாங்க வேண்டும். பைக் ஓட்டப் பழக வேண்டும். நண்பர்களோடு பழவேற்காடு மகிமை மாதா கோவிலுக்குப் போய், படகில் ஏற வேண்டும்.

நாங்கள் என்ன செய்தோம் தெரியுமா? ஒவ்வொன்றுக்கும் ஓர் அறிவுரை சொன்னோம். பதினெட்டு முடியாமல் பைக் தொடாதே. போன் படிப்பைக் கெடுக்கும். படகில் கவனம். ஞாயிறு திருப்பலியை விடாதே. எல்லாம் நல்ல அறிவுரைகள்தாம்.

நடுவில் ஒரு வாக்கியம் சொன்னான். “ராத்திரில தூக்கமே வரல ஃபாதர். கணக்குப் பேப்பர் சரியா எழுதல. ரிசல்ட் வர்ற அன்னிக்கு நான் வீட்டுலயே இருக்க மாட்டேன்.” சொல்லிவிட்டு, அதே குரலில், எதிரே வந்த கம்பெனி பஸ்ஸைக் காட்டி வேறு ஏதோ பேசத் தொடங்கினான். “எல்லாம் நல்லா வரும்பா, செபம் பண்ணு” என்று சொல்லி நாங்களும் மேலே நடந்தோம்.

எங்களோடு வந்த அன்பியத்து மூத்த சகோதரி ஒருவர் மட்டும் நின்றுவிட்டார். புளியமர நிழலுக்கு அவனைக் கூப்பிட்டு, “எத்தனை நாளா தூங்கல தம்பி?” என்று கேட்டார். வேறு ஒன்றும் கேட்கவில்லை. அதுவரை சிரித்துக்கொண்டு வந்த பிள்ளை தேம்பி அழுதான். இரண்டு வாரமாகத் தூக்கம் இல்லை. இரவெல்லாம் உழைக்கும் அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்ற பயம். “வீட்டில் இருக்க மாட்டேன்” என்றதற்கு அவன் மனத்தில் இருந்த பொருளைக் கேட்டபோது, வெயிலிலும் எங்களுக்கு உடல் சில்லிட்டது.

அன்புக்குரியவர்களே, இன்றைய நற்செய்தியில் இருவர் எருசலேமிலிருந்து எம்மாவுக்கு நடக்கிறார்கள். அவர்களும் மனம் உடைந்து பேசிக்கொண்டுதான் போகிறார்கள். உயிர்த்த ஆண்டவர் அவர்களோடு சேர்ந்து நடக்கிறார். முதலில் கேள்வி கேட்கிறார்: வழியில் என்ன பேசிக்கொண்டு வருகிறீர்கள் என்று. எருசலேமில் நடந்ததை அவரைவிட நன்றாக அறிந்தவர் யார்? காயங்கள் அவர் கையில் அல்லவா இருக்கின்றன! ஆனாலும், ஒன்றும் அறியாதவர்போல், என்ன நடந்தது என்று மீண்டும் கேட்கிறார். கிளயோப்பா சொல்லிச் சொல்லித் தீர்க்கும்வரை இடைமறிக்கவில்லை. கடிந்துகொண்டதும், மறைநூலை விளக்கியதும் அதற்குப் பிறகுதான். நாமோ பெரும்பாலும் விளக்கத்தில் தொடங்குகிறோம், கேட்பதற்கு நேரம் இல்லாமல் போகிறது.

2018ஆம் ஆண்டு உரோமையில் இளைஞரைப் பற்றி ஆயர்கள் மாமன்றம் கூடியபோது, அதன் இறுதி ஏடு இந்த எம்மாவு நிகழ்ச்சியையே அடித்தளமாக எடுத்துக்கொண்டது. அடுத்த ஆண்டு மார்ச் 25 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் ‘கிறிஸ்து வாழ்கிறார்’ என்னும் திருத்தூது ஊக்கவுரையை இளைஞருக்கும் இறைமக்கள் அனைவருக்கும் எழுதினார். இளையோரோடு உடன் நடப்பது முழுத் திருச்சபையின் கடமை. நம் வீட்டுத் திண்ணையில் அதைத் தொடங்கலாம்.

பெற்றோரே, தேர்வு முடிவு வெளியாகும் நாள் நெருங்குகிறது. அதற்குள் ஒரு மாலையாவது பிள்ளையோடு சற்று நடந்து வாருங்கள். போன், பைக், படகு என்று எதையாவது பேசட்டும். முழுவதும் கேளுங்கள். தூக்கம் இல்லை, பசி இல்லை, இருக்க மாட்டேன் என்ற சொல் வந்தால் அங்கேயே நில்லுங்கள். தவறினால் அதே ஆண்டில் துணைத்தேர்வு உண்டு என்பதை முடிவு வருமுன்பே சொல்லிவையுங்கள். மனம் மிகவும் சோர்ந்திருந்தால் 104 அல்லது 14416 என்ற எண்ணில் பேசலாம். உதவி கேட்பது விசுவாசக் குறைவு ஆகாது. பிள்ளைகளே, அப்பா அம்மாவிடம் சொல்ல முடியவில்லையா? அன்பியத்தில் ஒரு அக்காவிடமோ, ஆசிரியரிடமோ, எங்களிடமோ சொல்லுங்கள். நேரம் பார்க்க வேண்டாம்.

அன்று நண்பகலில் அந்தத் தந்தையை எழுப்பினோம். விவரம் கேட்டவர் மகனைத் தன் பக்கத்தில் உட்காரவைத்து, “பேப்பர் போனா போகட்டும்டா, நீ இருடா” என்றார். மே மாதம் முடிவு வந்தது. கணக்கில் தவறியிருந்தான். அன்று வீட்டில்தான் இருந்தான். துணைத்தேர்வில் தேறினான். கோடைத் திட்டங்களில் ஒன்றுதான் நிறைவேறியது: பழவேற்காடு. ஒரு நாள் லீவு போட்டு அப்பாவும் உடன் போனார்.

எம்மாவு வழியில் உடன் நடந்த ஆண்டவரே, எங்கள் பிள்ளைகளின் பேச்சைக் கேட்கும் பொறுமையை எங்களுக்குத் தாரும். இந்தக் கோடையில் ஒரு பிள்ளையும் தனியே நடக்காதிருக்க அருள்வீராக. ஆமென்.