அளவறிந்து அளிப்போம்

(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

மெட்ரிகுலேஷனோடு படிப்பை நிறுத்திய இரயில்வே குமாஸ்தா நான். பொறியியல் பேசத் தகுதியில்லை; ஆயினும் நாம் செய்த தவறொன்று என்னைப் பேசத் தூண்டுகின்றது.

சென்ற ஆண்டு இவ்விழாவில், நடக்க இயலாத நம் காலனிச் சிறுவன் ஒருவனுக்குச் சக்கர நாற்காலி வழங்கி, மாலை சூட்டி மகிழ்ந்தோம். இன்று அந்நாற்காலியின் மேல் துணி உலர்கின்றது. அவ்வீட்டார் நன்றி மறந்தவரல்லர். நாற்காலி அவனுக்கு அகலம் மிகுந்தது, வாசலுள் நுழையாது, சிறிய முன்சக்கரங்கள் நம் தெருச் சரளையில் சிக்கிக்கொள்ளும். மருத்துவமனையின் வழவழப்பான தரைக்கென அமைந்த வண்டி அது. நிதி திரட்டிய அடியேன் விலையை விசாரித்தேன். சிறுவனின் இடுப்பளவை விசாரிக்கவில்லை.

இத்தவறு பல நாடுகளிலும் நிகழ்ந்ததே. இது பற்றி ஆராய உலக சுகாதார நிறுவனமும் பிறவும் 2006 நவம்பரில் கூட்டிய மாநாடு நம் பெங்களூரிலேயே நடைபெற்றது. அதனைத் தொடர்ந்து 2008-இல் வெளிவந்த நெறிமுறைகள் கூறுவது யாது? நாற்காலி உரியவரின் தேவைக்கும் வாழும் இடத்திற்கும் ஏற்றதாய், உடலளவுக்குப் பொருந்துவதாய், உறுதியாய், உள்நாட்டிலேயே பழுதுபார்க்கத்தக்கதாய், இயன்ற விலையில் கிடைப்பதாய் இருத்தல் வேண்டும். உடலில் உணர்ச்சியற்றவர்க்குத் தக்க மெத்தையும் வேண்டும். இல்லையேல் அழுத்தத்தால் புண் உண்டாகி உயிர்க்கே கேடாகும்.

இது கைகூடாக் கனவன்று. 1966-இல் விபத்தினால் நடக்கும் ஆற்றலை இழந்த அமெரிக்கப் பொறியாளர் ரால்ஃப் ஹாட்ச்கிஸ், நிகராகுவா நாட்டில் நடக்க இயலாதாரோடு கூடி, சிறு பட்டறையில் உள்ளூர்ப் பொருள்களால் செய்யத்தக்க நாற்காலிகளை உருவாக்கினார். சென்னை ஐ.ஐ.டி.யில் தோன்றிய நியோமோஷன் நிறுவனமும் உடலளவுக்கேற்ற ‘நியோஃப்ளை’ நாற்காலியைச் செய்கின்றது. 1994-இல் நம் நகரில் தொடங்கிய மொபிலிட்டி இந்தியா நிறுவனமோ, ஆளை அளந்து பொருத்தும் கலையைப் பிறர்க்கும் பயிற்றுவிக்கின்றது.

ஆகவே சங்கத்திற்கு இரு விண்ணப்பங்கள். முதலாவது, அச்சிறுவனைத் தக்காரிடம் அழைத்துச் சென்று, அளந்து, பொருந்திய நாற்காலி பெற்றுத் தருவோம். இரண்டாவது, இம்மன்றத்தின் மூன்று படிகளும் 18 அங்குல உயரம். அங்குலத்திற்கு ஓரடியாக 18 அடி நீளச் சாய்தளம் அமைப்போம். என் பங்காக இம்மாதமே 1,000 ரூபாய் தருகின்றேன்.

இன்று அவன் தந்தையின் தோளில் வந்து அமர்ந்திருக்கின்றான். அடுத்த ஆண்டு விழாவிற்குத் தன் கையாலேயே சக்கரத்தை உருட்டி வருவானாக!