ஆசிரியப் பயிற்சியும் வீட்டுப் பொறுப்பும்



நம் ஊர்ப் பெண் ஒருவர் ஆசிரியப் பயிற்சியில் சேர்ந்தார் என்று கேள்விப்பட்டால் நாம் மகிழ்கிறோம். அவரே பயிற்சியை நடுவில் விட்டுவிட்டார் என்று கேள்விப்பட்டால், "குடும்பம் இருக்கிறதல்லவா, எப்படி முடியும்?" என்று சொல்லிவிட்டு நம் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம். அக்கேள்விக்கு விடை காண நாம் முற்படுவதில்லை. எப்படி முடியும் என்பதையே இன்று நாம் சற்று விரிவாக ஆராய விரும்புகிறோம்.

இது பெண்கள் தம் வீட்டுக்குள் பார்த்துக்கொள்ள வேண்டிய விஷயம், பஞ்சாயத்துக்கு இதில் என்ன வேலை என்று சிலர் எண்ணக்கூடும். நம் பிள்ளைகளின் பேச்சையும், அவர்கள் வீட்டு நிலைமையையும், எந்த மாதத்தில் எந்தப் பிள்ளை வயலுக்குப் போய்விடும் என்பதையும் அறிந்த ஆசிரியை ஒருவர் பள்ளிக்கு வாய்ப்பது ஊருக்கு வாய்த்த செல்வமாகும். அச்செல்வத்தை ஆக்குவதில் ஊருக்கும் பங்கு உண்டு என்பதே நம் கருத்து.

பயிற்சியின் சுமை

முதலில் பயிற்சி என்பது எவ்வளவு வேலை என்பதைத் தெரிந்துகொள்வோம். தொடக்கப் பள்ளி ஆசிரியருக்கான பட்டயப் பயிற்சி 2 ஆண்டுகள் கொண்டது. மேல்நிலைப் படிப்பை முடித்தவர்கள் இதற்கு உரியவர்கள். 1986-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையையொட்டி மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனங்கள் தோன்றின. நெல்லை மாவட்டத்திற்கு அவ்வாறு அமைந்தது முனைஞ்சிப்பட்டி நிறுவனம். அது தாமிரபரணிக் கரையிலிருந்து தெற்கே தள்ளியிருப்பது. அம்பாசமுத்திரம் பக்கத்திலிருந்து ஒரு பெண் அங்கு நாள்தோறும் போய்வருவது எத்தனை மணி நேரத்தை விழுங்கும் என்பதை நீங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் 2014-இல் வகுத்த விதிகள், பயிற்சி நிறுவனங்கள் ஆண்டொன்றுக்குக் குறைந்தது 200 நாட்களும், வாரத்திற்குக் குறைந்தது 36 மணி நேரமும் இயங்க வேண்டும் என்று கூறின. மாணவர் வருகை 80 விழுக்காட்டிற்குக் குறையலாகாது. பள்ளியில் தங்கிக் கற்பிக்கும் பயிற்சிக் காலத்திற்கோ 90 விழுக்காடு வருகை வேண்டும். அப்பயிற்சியை 20 வாரம் என்றும், வாரத்திற்கு 5 நாள் என்றும் கொண்டால் மொத்தம் 100 நாள் ஆகும். 10 நாளுக்கு மேல் வராதிருத்தல் கூடாது. குழந்தைக்குக் காய்ச்சல், மாமியாருக்கு ஆஸ்பத்திரி, உறவில் ஒரு துக்கம், ஊரில் ஒரு கொடை என்று வந்தால் அந்த 10 நாள் எவ்வளவு விரைவில் கரைந்துவிடும் என்பது குடும்பம் நடத்துகிற எவருக்கும் தெரியும்.

மாலையில் வீடு திரும்பினாலும் வேலை முடிவதில்லை. மறுநாள் நடத்த வேண்டிய பாடத்திற்குப் பாடக் குறிப்பு எழுத வேண்டும். படங்களும் அட்டைகளும் செய்ய வேண்டும். பதிவேடுகளை நிரப்ப வேண்டும். அடுப்பை மூட்டிய பிறகு, பிள்ளைகளை உறங்கவைத்த பிறகுதான் இவற்றுக்கு நேரம் கிடைக்கிறது.

நம் பள்ளத்தாக்கின் நாட்காட்டி

நம் வட்டாரத்தின் தொழில்களுக்கும் ஒரு நாட்காட்டி உண்டு. ஜூன் மாதத்தில் அணையில் நீர் இருந்து திறந்துவிடப்பட்டால் கார் சாகுபடி தொடங்குகிறது. பள்ளிகள் திறப்பதும் அதே மாதத்தில்தான். வடகிழக்குப் பருவமழையை நம்பிப் பிசான நடவு நடக்கிறது. மாசி, பங்குனியில் பிசான அறுவடை வரும்போது கல்வியாண்டின் இறுதிப் பகுதியும் வந்துவிடுகிறது. வீட்டில் ஆள் தேவைப்படும் வேளையும், படிப்பில் ஆள் தேவைப்படும் வேளையும் ஒன்றோடொன்று மோதுகின்றன.

வயல் இல்லாத வீடுகளிலும் நிலைமை எளிதன்று. முக்கூடல், ஆலங்குளம், மேலப்பாளையம் முதலிய இடங்களில் பல்லாயிரம் பெண்கள் வீட்டிலிருந்தே பீடி சுற்றுகிறார்கள். இலையை நனைத்து வெட்டி, தூள் வைத்துச் சுற்றி, எண்ணிக் கட்டிக் கொடுத்தால்தான் கூலி. படிக்கச் செல்லும் பெண்ணின் தட்டு சும்மா கிடந்தால் அன்றைய வரவு குறைகிறது. பத்தமடையில் கோரைப்பாய் நெய்யும் வீட்டிலும் இதே கணக்குத்தான். ஆகவே பயிற்சிக்குச் செல்லும் பெண் கட்டணத்தை மட்டும் செலவிடுவதில்லை. தாம் ஈட்டி வந்த கூலியையும் 2 ஆண்டுகளுக்கு விட்டுக்கொடுக்கிறார். குடும்பம் முன்னதாகவே உட்கார்ந்து பேச வேண்டிய கணக்கு இது. பேசாமல் தொடங்கும் வீடுகளில், ஆறாம் மாதத்தில் சச்சரவு எழுகிறது. ஒன்பதாம் மாதத்தில் படிப்பு நிற்கிறது.

கடைமடைக்கும் நீர் வேண்டும்

உழவர்களாகிய உங்களுக்கு ஓர் உண்மையை நாம் சொல்லித்தர வேண்டியதில்லை. கன்னடியன் கால்வாயானாலும், கோடகன் கால்வாயானாலும், பாளையங்கால்வாயானாலும், தலைமடைக்காரர் மடையை அடைக்காவிட்டால் கடைமடை வயல் காயும். கடைமடைக்காரர் எவ்வளவு பாடுபட்டு உழுதாலும் பயனில்லை. அவர் சோம்பேறி என்று யாரேனும் சொன்னால் அது நியாயமாகாது.

ஒரு வீட்டில் நேரம் என்னும் நீர் எவ்வாறு பாய்கிறது என்று பாருங்கள். கணவருடைய வேலைக்கு முதலில் பாய்கிறது. பிள்ளைகளின் தேவைக்கு, பெரியவர்களின் பணிவிடைக்கு, மாட்டுக்கு, வந்துபோகும் விருந்தினருக்கு என்று வரிசையாகப் பாய்ந்தபின், மிஞ்சினால் அப்பெண்ணின் படிப்புக்குப் பாய்கிறது. அவருடைய படிப்பு என்றும் கடைமடையிலேயே இருக்கிறது. நீர் குறைந்த காலத்தில் முறை வைத்துப் பாய்ச்சுவது நம் முன்னோர் கண்ட வழி. அந்த முறையை 2 ஆண்டுகளுக்கு வீட்டிற்குள்ளும் வைத்துக்கொள்ளுங்கள் என்பதே நாம் இன்று கூற வந்தது.

முன்னோர் காட்டிய வழி

இது புதிய யோசனையன்று. பெண்களை ஆசிரியைகளாக்கும் முயற்சியில் நம் பாளையங்கோட்டை நெடுங்காலமாகவே முன்னின்றுள்ளது. 19-ஆம் நூற்றாண்டிலேயே ஆசிரியைகளைப் பயிற்றிய சாராள் தக்கர் நிலையம் 1895-இல் கல்லூரியாகவும் வளர்ந்தது. பெண்ணுக்குக் கல்வி எதற்கு என்று கேட்ட காலத்தில், பெண்ணே ஆசிரியையாக வேண்டும் என்று கருதிச் செயலாற்றிய இடம் அது.

சென்னையில் சகோதரி சுப்புலட்சுமி அம்மையாரின் வரலாறும் நாம் அறியத்தக்கது. 1886-இல் பிறந்த அவர் சிறு வயதிலேயே கைம்மை எய்தியவர். 1911-இல் பட்டம் பெற்றார். பின்னர் இளம் கைம்பெண்களுக்கு ஓர் இல்லம் அமைத்து, அவர்களைப் படிக்கவைத்து ஆசிரியைகளாக்கினார். கடற்கரையிலுள்ள ஐஸ் ஹவுஸ் என்னும் கட்டடத்தில் அவ்வில்லம் நடந்தது. இன்று விவேகானந்தர் இல்லம் என வழங்குவது அதுவே. 1922-இல் தோன்றிய லேடி வெலிங்டன் பயிற்சிக் கல்லூரிக்கும் அவர் தலைமை வகித்தார். இவ்வளவையும் அவர் தனியே சாதித்தார் என்று எண்ணலாகாது. அவருடைய சிற்றன்னை வாலாம்பாள் அம்மையார், தாமும் ஒரு கைம்பெண், வீட்டுப் பொறுப்பையும் சிறுமியரின் பராமரிப்பையும் ஏற்றுக்கொண்டார். அடுப்படியை ஒருவர் தாங்கியதால் மற்றொருவர் வகுப்பறையைத் தாங்க முடிந்தது. புகழ் பெற்றவரின் பெயர் நமக்குத் தெரிகிறது. தாங்கியவரின் பெயரையும் நாம் நினைவில் வைத்தல் வேண்டும்.

சுதந்திரத்திற்குப் பின், துர்காபாய் தேஷ்முக் அம்மையாரின் தலைமையில் 1953-இல் மத்திய சமூக நல வாரியம் தோன்றியது. படிப்பை இடையில் விட்ட வளர்ந்த பெண்களுக்காக அவ்வாரியம் 1958-இல் சுருக்கக் கல்வி வகுப்புகளைத் தொடங்கிற்று. கிராமங்களுக்கு ஆசிரியைகளும், செவிலியரும், கிராம சேவிகைகளும் கிடைக்க வேண்டும் என்பது அதன் நோக்கம். மூன்றாம் ஐந்தாண்டுத் திட்டமும் ஆசிரியைகளுக்குக் குடியிருப்பு, பயிற்சி பெறும் பெண்களுக்கு உதவித்தொகை ஆகியவற்றை வலியுறுத்தியது. பெண்ணிடம் திறமை இல்லாமற் போகவில்லை, அவரைத் தாங்கும் ஏற்பாடுதான் இல்லை என்பதை அன்றே அறிஞர்கள் கண்டுகொண்டனர்.

குடும்பம் செய்யத்தக்கவை

பயிற்சியில் சேருமுன் வீட்டார் அனைவரும் கூடி, யார் எந்த வேலையை ஏற்பது என்று முடிவு செய்துகொள்ளுங்கள். காலைச் சமையல் யார், பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புவது யார், மாட்டுக்குத் தீவனமிடுவது யார் என்று பெயரிட்டே சொல்லிவிடுதல் நல்லது. "எல்லோரும் பார்த்துக்கொள்வோம்" என்ற வேலை கடைசியில் அப்பெண்ணின் தலையிலேயே விழும். ஆண்கள் அடுப்படிக்குள் செல்வது இழுக்கு என்னும் எண்ணத்தை விட்டொழிக்க வேண்டும். நாற்றங்காலைப் பக்குவமாகப் பார்க்கத் தெரிந்த கைக்குச் சோறு வடிக்கத் தெரியாதா?

மாமியார்மார்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் மருமகள் பாடக் குறிப்பு எழுதும் ஒரு மணி நேரத்தை யாரும் தொடாதபடி காத்துக்கொடுங்கள். அந்த ஒரு மணி நேரம் நீங்கள் அவருக்கு அளிக்கும் சீர். பிள்ளைகளையும் இதில் சேர்த்துக்கொள்ளலாம். புளியமுத்து, பனையோலை, கோரை, சோளத்தட்டை இவற்றைக் கொண்டே எண்ணும் எழுத்தும் கற்பிக்கும் கருவிகள் செய்யலாம். தாய் செய்ய, பிள்ளை உடனிருந்து அடுக்க, அப்பிள்ளைக்கும் பாடம் ஏறும்.

படிக்கும் சகோதரிகளும் ஒன்றைக் கருத வேண்டும். எல்லாவற்றையும் முன்போலவே நாமே செய்வோம், படிப்பையும் சேர்த்துச் செய்வோம் என்று தொடங்குவது உடம்பைக் கெடுக்கும். விடுப்பு நாட்களை முற்பகுதியிலேயே செலவழித்துவிடாமல், அறுவடைக்கும் நோய்க்கும் என்று ஒதுக்கிவைப்பது விவேகம்.

பஞ்சாயத்து செய்யத்தக்கவை

பஞ்சாயத்துக்குப் பெரும்பணம் தேவையில்லாத வேலைகள் பல உள்ளன. முதலாவதாக, ஊரில் யார் யார் ஆசிரியப் பயிற்சியில் இருக்கிறார்கள், யார் இடையில் விட்டார்கள், ஏன் விட்டார்கள் என்பதைக் கேட்டறியுங்கள். கிராம சபை கூடும்போது அப்பெண்களையும் வரவழைத்து அவர்கள் குறையைக் கேளுங்கள். இரண்டாவதாக, 2021-இல் நம் மாநிலத்தில் சாதாரண நகரப் பேருந்துகளில் மகளிருக்குக் கட்டணமில்லாப் பயணம் தொடங்கப்பட்டது. கட்டணம் இல்லாதிருந்தாலும், பேருந்து உரிய வேளையில் வராவிட்டால் வருகை குறையும். பயிற்சி நேரத்திற்கு ஏற்ற வண்டி வேண்டும் என்று தனிப்பெண் கேட்பதைவிடப் பஞ்சாயத்து தீர்மானம் போட்டுக் கேட்பது வலிமை உடையது.

மூன்றாவதாக, அங்கன்வாடி மையம் ஒழுங்காக நடைபெறுகிறதா என்று பாருங்கள். அது மூடிக் கிடக்கும் நாளில் கைக்குழந்தை உடைய பெண் பயிற்சிக்குப் போக முடியாது. நான்காவதாக, ஊர் நூலகத்தையோ பஞ்சாயத்துக் கட்டடத்தின் ஓர் அறையையோ, நல்ல விளக்கோடு, மாலையில் படிப்போருக்குத் திறந்துவையுங்கள். ஐந்தாவதாக, கற்பித்தல் பயிற்சிக்கு அருகிலுள்ள பள்ளியை ஒதுக்க இயலுமா என்று தலைமையாசிரியர் மூலமும் பள்ளி மேலாண்மைக் குழு மூலமும் கேட்டுப் பாருங்கள். நம் மாநில உள்ளாட்சிகளில் பெண்களுக்கு 50 விழுக்காடு இடஒதுக்கீடு 2016-இல் சட்டமாயிற்று. பெண் உறுப்பினர்கள் இப்பணிகளை முன்னின்று நடத்தினால் விரைவில் பலன் காணலாம்.

மறைக்காமல் சொல்ல வேண்டியது

பட்டயம் பெற்ற மறுநாளே சர்க்கார் உத்தியோகம் கிடைத்துவிடும் என்று நாம் ஆசை காட்ட மாட்டோம். நம் மாநிலத்தில் 2012 முதல் ஆசிரியர் தகுதித் தேர்வு நடக்கிறது. அதில் தேறியோருக்கும் நியமனத்திற்குத் தனிப் போட்டித் தேர்வு வேண்டும் என்று 2018-இல் அரசு ஆணையிட்டது. இடைநிலை ஆசிரியர்களுக்கான அப்போட்டித் தேர்வு 2024-இல் நடைபெற்றது. ஆகவே 2 ஆண்டுப் பயிற்சியோடு குடும்பத்தின் கடமை முடிந்துவிடாது. தேர்வுக்குப் படிக்கும் காலத்தையும் சேர்த்தே திட்டமிடுதல் வேண்டும். கடன் வாங்கும் குடும்பம் இதைத் தெரிந்துகொண்டு வாங்க வேண்டும்.

அப்படியானால் இப்பாடு வீணா என்றால், அன்று. 2021-இல் இல்லம் தேடிக் கல்வித் திட்டம் வந்தபோது, மாலை வேளைகளில் நம் தெருப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தந்த தன்னார்வலர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்களே. கற்பிக்கத் தெரிந்த ஒரு பெண் ஊரில் இருந்தால், உத்தியோகம் வருமுன்பே அவ்வூருக்குப் பயன் தொடங்கிவிடுகிறது.

பெரியோர்களே! கால்வாயைத் தூர் வாரும்போது, கடைமடைக்காரர் மட்டும் வந்து வாரட்டும் என்று எந்த ஊரும் சொன்னதில்லை. நீர் எல்லோருக்கும் பொது என்பதால் எல்லோரும் மண்வெட்டி எடுக்கிறோம். ஆசிரியை தரும் கல்வியும் ஊருக்குப் பொதுவானது. இந்த ஆண்டு உங்கள் ஊரில் பயிற்சிக்குச் செல்லும் பெண் யார் என்று இன்றே விசாரியுங்கள். அவர் வீட்டில் எந்த வேலையை யார் ஏற்கலாம் என்று அவர் குடும்பத்தாரோடு பேசுங்கள். அடுத்த கிராம சபைக்கு ஒரு தீர்மானத்தோடு வாருங்கள்.