கொடுத்ததும் போய்ச் சேர்ந்ததும்



வரவேற்புரையில் சொன்னதையே கொஞ்சம் நீட்டிச் சொல்வதுதான் தலைமை உரை என்றொரு வழக்கம் நம்மிடம் உண்டு. தேநீர் வேளை நெருங்குவதால் அதை விட்டுவிட்டு நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

1902 ஜனவரியில் லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரியில், மயக்கம் கொடுத்த ஒரு நாயின் சிறுகுடல் துண்டிலிருந்து நரம்புகளையெல்லாம் அறுத்துவிட்டு, அதற்குள் அமிலத்தை விட்டார்கள் உடலியலாளர்கள் பேலிஸும் ஸ்டார்லிங்கும். நரம்புத் தொடர்பே இல்லை. ஆனாலும் கணையம் சுரந்தது. உடனே அந்தக் குடலின் உட்சவ்வைச் சுரண்டி, அமிலத்தோடு அரைத்து வடிகட்டி, நாயின் கழுத்துச் சிரையில் செலுத்தினார்கள். கணையம் மறுபடி சுரந்தது. 'ஹார்மோன்' என்ற சொல்லை ஸ்டார்லிங் மேடையில் சொன்னது 1905இல்தான். ஆக, பெயர் வைப்பதற்கு மூன்று ஆண்டுகள் முன்பே நாய்க்கு ஹார்மோன் கொடுத்தாகிவிட்டது.

அந்தச் சோதனையில் வழி நேரானது. சிரையில் ஏறியது, இதயம் தள்ளியது, கணையத்தில் இறங்கியது. இன்று கால்நடை மருத்துவர்களான நாம் நாய்க்கு ஹார்மோன் கொடுப்பது வாய் வழியாக, தோலடியில், தசையில். சீட்டில் அளவை எழுதுகிறோம். அதில் எவ்வளவு உள்ளே போனது, எதைப் பற்றிக்கொண்டு இரத்தத்தில் திரிந்தது, எந்த வாசலில் வெளியேறியது என்பதையெல்லாம் மனிதனுக்குப் போட்ட கணக்கைப் பார்த்து ஊகித்துக்கொள்கிறோம். என் குறை அதுதான்.

தைராக்சினை எடுத்துக்கொள்வோம். தைராய்டு சுரப்பு நின்றுபோன 60 கிலோ மனிதருக்கு ஒரு நாளைக்குச் சுமார் 100 மைக்ரோகிராம் லெவோதைராக்சின் போதும். 20 கிலோ நாய்க்கு நாம் எழுதுவது கிலோவுக்கு 20 மைக்ரோகிராம் வீதம் ஒரு வேளைக்கு 400. பல நாய்களுக்கு இரண்டு வேளை. சீட்டை வாங்கிய மருந்துக் கடைக்காரர் நம்மைத் தொலைபேசியில் கூப்பிட்டு, "டாக்டர், ஒரு சைபர் அதிகமாக விழுந்துவிட்டதோ?" என்று கேட்டால் அவர்மேல் கோபப்படக் கூடாது. அவர் கவலை நியாயமானது.

ஏன் இவ்வளவு? முதல் சேதாரம் குடலிலேயே. விழுங்கிய தைராக்சினில் பெரும்பகுதியை மனிதக் குடல் எடுத்துக்கொள்கிறது. நாயின் குடல் எடுப்பது அதைவிட மிகக் குறைவு, அதுவும் நாய்க்கு நாய் மாறுகிறது. சோற்றோடு பிசைந்து கொடுத்தால், எடுத்துக்கொள்வது ஏறக்குறையப் பாதியாகக் குறைந்துவிடலாம். மாத்திரையைத் தயிர்ச்சோற்றில் ஒளித்து வைத்துக் கொடுக்கும் வீடுகள் எத்தனை என்று நமக்குத் தெரியும்.

இரத்தத்துக்குள் வந்த பிறகு இரண்டாவது வேறுபாடு. மனித இரத்தத்தில் தைராக்சினை இறுகப் பிடித்துக்கொள்ளும் கடத்திப் புரதம் ஒன்று தாராளமாக இருக்கிறது. அதை ஏரி என்று வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் நிறையத் தேங்கி நிற்கும், மதகு வழியே கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும். நாய்க்கு அந்த ஏரி சிறியது, கரையும் பலவீனம். அங்கே புரதத்தின் அளவும் பிடிப்பும் குறைவு என்பதால், கட்டுப்படாமல் திரியும் தைராக்சினின் பங்கு மனிதனைவிடக் கூடுதல். தேங்காத நீர் சீக்கிரம் வடிந்துவிடும் அல்லவா? கல்லீரல் அதைப் பிடித்துப் பித்தத்தில் கலக்கிறது, பித்தம் குடலில் இறக்குகிறது, கணிசமான பகுதி மலத்தோடு போய்விடுகிறது. மனித இரத்தத்தில் தைராக்சின் பாதியாகக் குறைய ஏறத்தாழ ஏழு நாள். நாய்க்கு அரை நாளை ஒட்டிய நேரமே போதும். ஒருநாள் மாத்திரையை மறந்த மனிதருக்கு ஒன்றும் தெரியாது. நாயின் இரத்தத்திலோ மறுநாள் காலை பழைய அளவில் சொற்பமே மிஞ்சியிருக்கும்.

அப்படியானால் ஒரு வேளை மருந்திலேயே பல நாய்கள் தேறுகின்றனவே, அது எப்படி? தைராக்சின் வேலை செய்யும் இடம் இரத்தமல்ல, செல்லின் உட்பகுதி. அங்கே அது டிரையயோடோதைரோனின் ஆக மாறி, ஜீன்களைத் தட்டி எழுப்புகிறது. எழுப்பிய வேலை இரத்தத்தில் மருந்து வடிந்த பிறகும் நடந்துகொண்டிருக்கும். மாத்திரை கொடுத்து நான்கு முதல் ஆறு மணி நேரத்துக்குள் எடுத்த இரத்தமா, அடுத்த மாத்திரைக்குச் சற்று முன்பு எடுத்ததா என்று குறிக்காத ஆய்வக அறிக்கையை வைத்து ஒரு வேளை போதுமா, இரண்டு வேளை வேண்டுமா என்று சொல்ல முடியாது. அப்படிப்பட்ட அறிக்கைகள் என் மேசையில் இன்றும் வந்து விழுகின்றன.

இன்சுலினைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1889இல் ஸ்ட்ராஸ்பர்க்கில் மின்கோவ்ஸ்கியும் ஃபான் மேரிங்கும் கணையத்தை எடுத்த நாய்க்குச் சர்க்கரை நோய் வந்ததும், 1921 கோடையில் டொரொண்டோவில் பாண்டிங்கும் பெஸ்ட்டும் நாய்களுக்குக் கணையச் சாற்றைச் செலுத்தியதும் மாணவர்களுக்கே தெரிந்த கதை. நாயின் இன்சுலினும் பன்றியின் இன்சுலினும் அமினோ அமில வரிசையில் ஒன்றேதான். ஆகவே இங்கே சிக்கல் மூலக்கூறில் இல்லை, தோலடியில் இருக்கிறது. சிரைக்குள் போன இன்சுலின் சில நிமிடங்களில் பாதியாகிவிடும். தோலடியிலிருந்து அது கரைந்து வருகிற வேகம்தான் நாள் முழுவதையும் ஆள்கிறது.

என் தவறு ஒன்றையும் இங்கே சொல்லிவிடுகிறேன். ஒரு பொமரேனியனுக்கு ஆறு வாரம் இன்சுலினை ஏற்றிக்கொண்டே போனேன், சர்க்கரை இறங்கவில்லை. எதிர்க்கும் ஹார்மோன் எது என்று பெரிய பெரிய நோய்களாகத் தேடினேன். கடைசியில் அந்த அம்மாவிடம், "ஊசி போடுவதைக் காட்டுங்கள்" என்றேன். கைப்பையிலிருந்து எடுத்தார்: குப்பி மில்லிக்கு 40 யூனிட், சிரிஞ்சு ஆரஞ்சு மூடி போட்ட 100. அதில் பத்து என்ற கோடுவரை இழுத்தால் உள்ளே போவது நான்கு யூனிட்தான். நம் நாட்டுக் கடைகளில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் கிடைக்கின்றன. மாறிப்போனது எதிர்த்திசையில் என்றால், பத்துக்குப் பதில் இருபத்தைந்து யூனிட் போயிருக்கும். அந்த நாய் எனக்குக் கிடைத்த அதிர்ஷ்டம்.

நாயை மனிதனாக நினைத்தது ஒரு பக்கம். மனிதனை நாயாக நினைத்த கதையும் உண்டு. மெட்ராக்ஸிபுரோஜெஸ்ட்டிரோன் ஊசியைக் கருத்தடை மருந்தாக அனுமதிக்க அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் 1978இல் மறுத்தது. அதற்கான காரணங்களுள் ஒன்று, அது செலுத்தப்பட்ட பீகிள் நாய்களின் பால்மடியில் வந்த கட்டிகள். அனுமதி கிடைத்தது 1992இல். பிறகு 1994இல் நெதர்லாந்தின் உட்ரெக்ட்டைச் சேர்ந்த ஆய்வாளர்கள், புரோஜெஸ்ட்டிரோன் வகை மருந்து பெற்ற பெட்டை நாய்களில் வளர்ச்சி ஹார்மோன் பால்மடியிலேயே உருவாகிறது என்று காட்டினார்கள். பிட்யூட்டரியின் வேலையை மடி செய்கிறது! அங்கே பிறந்த வளர்ச்சி ஹார்மோன் இரத்தத்தில் கலந்து, இன்சுலினை எதிர்த்து, சர்க்கரை நோயைக் கொண்டுவரலாம். முகமும் பாதமும் பருத்து, பல் இடைவெளி விரியலாம். நாம் ஊசியில் ஏற்றியது ஒரு ஹார்மோன், உடம்பில் ஓடி வேலையைக் கெடுப்பது இன்னொன்று. அளவீட்டுக் கருவி முதலாவதை மட்டும் தேடினால் கதையின் பாதி கிடைக்காது.

பெட்டை பருவத்துக்கு வராமலிருக்க ஓர் ஊசி போடுங்கள் என்று வளர்ப்பவர்கள் நம்மிடம் கேட்கிறார்கள். சேமிப்பாகத் தசையில் தங்கும் இந்த மருந்து மாதக்கணக்கில் கசியும். கருப்பையில் சீழ் கட்டினாலும் திரும்ப எடுக்க வழியில்லை. மாத்திரையை நாளை நிறுத்தலாம், இதை நிறுத்த முடியாது. அறுவைக்கே என் வாக்கு. மாற்றுக் கருத்துள்ளவர்கள் பிற்பகல் அமர்வில் என்னை மறுக்கலாம்.

யாரும் சீட்டெழுதாமலே நாய்க்குள் போகும் ஹார்மோனையும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். மாதவிடாய் நின்ற பெண்கள் முன்கையில் தெளித்துக்கொள்ளும் ஈஸ்ட்ரடயால் மருந்து குறித்து, குழந்தைகளுக்கும் வளர்ப்புப் பிராணிகளுக்கும் அது ஒட்டிக்கொள்கிறது என்று 2010இல் அதே அமெரிக்க நிறுவனம் எச்சரித்தது. மடியில் தூக்கி வைத்த நாய், கையை நக்கிய நாய். கருத்தடை செய்த பெட்டைக்குக் காம்பு வீங்கினால், மிஞ்சிய சூலகத் துண்டைத் தேடி வயிற்றைத் திறப்பதற்கு முன், வீட்டில் யார் என்ன பூசுகிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள்.

முதல் அமர்வு தைராக்சின் பற்றியது. கட்டுரை வாசிப்பவர்களிடம் தலைவர் என்ற உரிமையில் ஒரே கோரிக்கை: எண்களைத் திரையில் போடும்போது, மாத்திரை வெறும் வயிற்றிலா, சோற்றோடா என்பதையும், இரத்தம் எடுத்தது எத்தனையாவது மணியில் என்பதையும் முதல் வரியிலேயே போட்டுவிடுங்கள். இல்லையென்றால் நான் இடையில் கை தூக்குவேன். அமர்வைத் தொடங்கலாம்.