தறிக்கூடத்துக்கு எட்டாத அலை

திருப்பூரை அடுத்த மங்கலத்தில், வீட்டினின்று விலகி நிற்கும் விசைத்தறிக் கூடங்கள் உண்டு. தறிக்குத் துணையாக அங்கமர்ந்து படிக்கும் பிள்ளைக்கு, வீட்டு வைஃபையில் வரும் பாடம் பாதியில் அறுந்துபோவதேன்? 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறத்தாழ 12.5 சென்டிமீட்டர். செங்கற்சுவரை நலிந்தேனும் ஊடுருவும் அவ்வலையை இரும்புத் தகடு திருப்பியடித்துவிடும். தகடு வேய்ந்த கூடத்தின் உள்ளே 'ரிப்பீட்டர்' வைத்தும் பயன் சிறிதே. நலிந்து வந்ததைத்தானே அது மீண்டும் உரைக்கும்! கம்பியில்லா இணையத்துக்கும் இங்கே கம்பியே துணை என்பேன். குழாயிலிட்டு மண்ணில் புதைத்த ஈதர்நெட் கம்பி 100 மீட்டர் வரை செல்லும். கூடத்துள் அதன் முனையில் இன்னொரு ரூட்டரைப் பொருத்தலாம். மின்கம்பி செல்லும் குழாயில் மட்டும் அதனை இடலாகாது. இடிமின்னலுக்கு அஞ்சுவோர் ஒளியிழையை நாடுக.