மேடும் பள்ளமும்



கிரேக்க மொழியில் இடத்தைக் குறிக்கும் சொல்லும் எழுதுதலைக் குறிக்கும் சொல்லும் கூடிப் பிறந்த ஒரு துறைக்கு நிலத்தோற்றவியல் என்று பெயர். ஓரிடத்தின் மேட்டையும் பள்ளத்தையும் நீர்செல் வழியையும் உள்ளவாறு எழுதிக்காட்டுவது அது. பெயர் மேலையருடையது, பொருளோ தமிழர்க்குப் புதியதன்று.

மலையை எவரும் காண்பர். ஒரு சாண் உயர்ந்த மணலைக் காண்பதற்கன்றோ கண் வேண்டும்! எண்ணூர் நெட்டுக்குப்பத்தை எண்ணிப் பாருங்கள். ஒருபுறம் கடல், மறுபுறம் கொசத்தலை என வழங்கும் கொற்றலையாறு கடலிற் புகும் கழி. 1802-இல் இலாம்டன் பரங்கிமலையருகே ஏறத்தாழ ஏழரைக் கல் நீள அடிக்கோட்டை அளந்தார். அதன்மேல் வளர்ந்த பெருநில அளவை பின்னாளில் இமயத்தின் உயரத்தையே கணித்தது. ஆயினும் 1:50,000 அளவு நிலப்படத்தில் உயரக்கோடுகள் பொதுவாக 20 மீட்டருக்கு ஒன்றாகவே செல்லும். கடல்மட்டத்துக்குச் சில மீட்டரே மேற்பட்ட குப்பத்தை அவற்றுள் ஒன்றும் தொடாது. படம் பார்ப்பவர்க்கு அது வெறுந்தரை!

தமிழுக்கு அது வெறுந்தரையன்று. அலை குவித்த மணல்மேடு எக்கர்; கடலோரச் சோலை கானல்; ஆற்றிடைக்குறை துருத்தி; ஓதம் ஏறியிறங்கும் உப்புநீர்ப் பரப்பு கழி. நிலப்படத்தின் ஒரு கோட்டுக்கும் எட்டாத வேறுபாடுகள் இவை. அனைத்தையும் 'திட்டு' என்று ஒரே சொல்லால் எழுதிவிடும் இற்றை நாளிதழ்களை என்னென்பது!

கழிமுகத்தில் கடல் எக்கரிட்டு வாயை அடைக்கும். ஆற்றுவெள்ளம் அதனை உடைக்கும். அவ்வாய் திறந்திருந்தால்தான் ஓதம் உள்ளே ஏறும். இறாலும் மீன்குஞ்சும் வரும். நெட்டுக்குப்பத்தார் பிழைப்பு இந்தச் சிறிய உயர வேறுபாட்டில் நிற்கிறது. அனல் மின்னிலையச் சாம்பல் கழியிற் கசிந்து படிந்ததால் அடித்தரை உயர்ந்தது. ஆழம் குறையவே நீரோட்டம் தளர்ந்தது. படகோடிய இடத்தில் ஆள் நடக்கலாயிற்று. படத்திற்கு இது மாற்றமே அன்று. மீனவர்க்கோ நிலமே மாறிவிட்டது.

2023 திசம்பரில், மிக்சாம் புயல் வெள்ளத்தோடு மணலித் தொழிற்பகுதியின் எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியே கழியில் இறங்கியது. ஆறு அதனைக் கடல்நோக்கித் தள்ள, ஓதம் உள்நோக்கித் தள்ளியது. வலைகளும் படகுகளும் கறுத்தன. மீனவர் குவளைகளாலும் வாளிகளாலும் அதனை மொண்டு அகற்றினர். வெள்ளம் வடிந்தபின் அலையாத்தி மரங்களின் தண்டிலும் வேரிலும் கறுப்புக் கோடொன்று எஞ்சியது. நீர் எவ்வளவு உயரம் ஏறிற்று என்பதை அது காட்டி நின்றது.