ஆமைக்கும் வெயில் வேண்டும்



ஆமை புகுந்த வீடு உருப்படாது என்பது நம்மவரிடையே நெடுநாளாய் வழங்கிவரும் பழமொழி. இக்காலத்தில் ஆமை தானாகப் புகுவதில்லை. பணங்கொடுத்து நாமே அதனை அழைத்து வருகிறோம். வண்ணமீன் கடையிலே, காதருகிற் செந்நிறக் கீற்றுடன் நீந்தும் பச்சைக் குஞ்சினைக் கண்டு மயங்காத சிறுவர் இலர். வட அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுப் படுகையைத் தாயகமாகக் கொண்ட செங்காது ஆமை அது. செவ்வனே பேணினால் முப்பது ஆண்டுவரையும் வாழும். ஆயினும், சிறு கண்ணாடிக் கிண்ணத்திற் சோற்றுப் பருக்கை தின்று வளரும் குஞ்சு நெடுநாள் நிலைப்பதில்லை. அதன் ஓடு மெத்தென்று ஆகிறது, கண்ணிமை வீங்குகிறது, ஒருநாள் இறந்தும் போகிறது. இதற்குக் காரணம் யாது?

ஆமையின் ஓடு எலும்பேயாகும். எலும்பு உறுதிபெறச் சுண்ணாம்புச்சத்து வேண்டும். அச்சத்தினை உடல் ஏற்பதற்கு உயிர்ச்சத்து 'டி' வேண்டும். அதனை ஆமை தன் தோலிற் படும் வெயிலின் புறவூதாக் கதிர் கொண்டே ஆக்கிக்கொள்கிறது. அக்கதிரைச் சாளரக் கண்ணாடி தடுத்துவிடும். ஆகவே, கண்ணாடிக்குப் பின்னே எவ்வளவு வெளிச்சம் இருந்தாலும் ஆமைக்கு அது இருளே.

திருகோணமலையில் வாழும் நமக்கு வெயில் விலைகொடுத்து வாங்கும் பொருளன்று. முற்றத்திலே ஒரு சீமெந்துத் தொட்டி அமைத்து, ஆமை ஏறி உலர்ந்திருக்க ஒரு கல்லும், ஒதுங்குவதற்கு நிழலும் வையுங்கள். காகமும் பூனையும் அணுகாதபடி கம்பிவலையால் மூடுங்கள். காலை வெயில் நன்று. நிழலற்ற ஆழங்குறைந்த பாத்திரத்தை நண்பகலில் வெளியே வைத்தால் நீர் கொதிப்பேறி ஆமை மாளும். வடகீழ்ப் பருவமழை மாதங்களில் வீட்டினுள் வைப்போர் புறவூதாக் கதிர் தரும் விளக்கினை இடைக்கண்ணாடி இன்றிப் பொருத்துதல் வேண்டும்.

அடுத்தது உணவு. குஞ்சுப் பருவத்திற் புலாலுணவு மிகுதியாகவும், வளர்ந்தபின் இலையுணவு மிகுதியாகவும் வேண்டும். முள்ளோடு கூடிய சிறுமீன், இறால், மண்புழு, நத்தை ஆகியவற்றை மாற்றி மாற்றிக் கொடுங்கள். சலாது இலை, நீர்ப்பூண்டு, கரட், பூசணி ஆகியவற்றையும் சேர்த்தால் உயிர்ச்சத்து 'ஏ' குறைந்து கண் வீங்கும் துன்பம் நேராது. சோறும் பாணும் கருவாடும் ஆகா. நம் கடற்கரையில் ஒதுங்கும் கணவாய் ஓடு சிறந்த சுண்ணாம்புச்சத்து. உப்புப் போக நன்னீரில் ஊறவைத்துத் தொட்டியில் இடுங்கள். ஆமை நீருக்குள் இருந்தே உணவை விழுங்கும்; தரையில் வைத்து ஊட்டுவதிற் பயனில்லை.

உண்ணுமிடத்திலேயே கழிவதால் நீர் விரைவில் கெடும். ஓட்டின் நீளம் ஓர் அங்குலத்துக்கு ஏறத்தாழ 40 லீற்றர் நீர் என்பது பொதுவான கணக்கு. கரையோரக் கிணற்று நீர் உவர்ப்பாயின் அது வேண்டாம். குழாய்நீரை ஒருநாள் திறந்து வைத்துப் பின் ஊற்றலாம். தொட்டியைத் தொட்டபின் சவர்க்காரமிட்டுக் கை கழுவுதல் இன்றியமையாதது. சல்மொனெல்லா என்னும் நோய்க்கிருமி ஆமையிடமிருந்து சிறுவர்க்குத் தொற்றியதாலேயே, நான்கு அங்குலத்துக்குக் குறைந்த ஆமைகளை விற்பதை ஐக்கிய அமெரிக்கா 1975இல் தடைசெய்தது.

நம் குளங்களில் வாழும் பாலாமையையும் கல்லாமையையும், கடலாமைக் குஞ்சுகளையும் பிடித்து வளர்த்தல் கூடாது. அவை நம் நாட்டுச் சட்டத்தினாற் பாதுகாக்கப்பட்டவை.

இறுதியாக ஒன்று. உள்ளங்கையில் அடங்கிய குஞ்சு சில ஆண்டுகளில் உணவுத் தட்டளவு பெருக்கும். அப்போது சலிப்புற்றுக் கந்தளாய்க் குளத்திலோ அருகிலுள்ள நீரோடையிலோ விட்டுவிடுவது இரக்கச் செயலெனச் சிலர் எண்ணக்கூடும். அங்ஙனம் விடப்பட்ட செங்காது ஆமைகள் உலகின் பல நாடுகளில் உள்ளூர் ஆமைகளின் உணவையும் வெயில்காயும் இடத்தையும் பறித்துக்கொண்டன. அதனாலேயே ஐரோப்பிய ஒன்றியம் 1997இல் அவற்றின் இறக்குமதியைத் தடுத்தது. வளர்க்க இயலாதவர், இடவசதியும் விருப்பமும் உள்ள வேறொருவரிடம் ஒப்படைப்பதே முறை. வாங்குமுன் முப்பது ஆண்டுப் பொறுப்பினை ஏற்க முடியுமா என்று வீட்டார் கூடி ஆலோசிப்பது அதனினும் நன்று.